வாய் திறந்த படங்கள்

டிஸ்க் செத்துப்போச்சு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சாகவில்லை. இதை எழுதுகிற மேசைக்குக் கீழே அந்தப் பெட்டி இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, முழங்காலில் அதன் சூடு தெரிகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் கல்யாணப் படம் எடுக்கிறவள். புதுச்சேரியில் முத்தியால்பேட்டையில் மாடி அறை ஒன்றில் கம்ப்யூட்டரும் விளக்குகளும் கேமராப் பைகளுமாக இருபது வருஷம் ஓடிவிட்டது. பெண் வீட்டுக்காரர்களுக்கு என்னைப் பிடிக்கும். அலங்கார அறைக்குள் நான் தாராளமாகப் போகலாம், சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே படம் எடுக்கலாம். என் வாய்தான் கொஞ்சம் நீளம். மேடையில் மாமனாராக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும் அதட்டித்தான் நிற்க வைப்பேன்.

முன்பு ஒரே ஒரு வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் துடைக்கும்போது அது மேசையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்து மாட்டினால் டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, வேறொன்றும் இல்லை. நல்ல காலம், அதில் இருந்த கல்யாணங்களையெல்லாம் ஆல்பம் போட்டுக் கொடுத்து முடித்திருந்தேன். ஆனாலும் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்ததும் முதல் வேலையாக இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் அதை மிரர் என்றார். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் தானாக எழுதிக்கொள்ளும், ஒன்று செத்தால் மற்றது இருக்கும் என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். எனக்கு அதுவரைக்கும் போதுமாக இருந்தது.

என் கணவர் இதே புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே பொட்டில, ஒரே ஒயருல இருக்குது. நீ கைதவறி ஒண்ண அழிச்சீன்னா ரெண்டுலயும்தான் போவும். தனியா இன்னொரு டிஸ்க்குல காப்பி எடுத்து வேற எங்கனா வையி," என்றார்.

"நான் ஏன் கைதவறி அழிக்கப் போறேன்? உங்க வேலயப் பாருங்க," என்றேன்.

ஆயுத பூஜை வந்தபோது பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டும் வைத்தேன். அவர் பொரியை வாயில் போட்டுக்கொண்டே, "பொட்டு வெக்க நேரம் இருக்குது, காப்பி எடுக்கதான் நேரம் இல்ல," என்று நக்கல் பண்ணினார். இப்போது அவர் சொன்னபடிதான் செய்கிறேன். மூன்றாவது டிஸ்க் காலாப்பட்டில் என் நாத்தனார் வீட்டு பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய் மாற்றிக்கொண்டு வருகிறேன். நடந்ததெல்லாம் நடந்த பிறகு வந்த புத்தி இது.

அந்தப் பெண்ணின் கல்யாணம் ஒரு கோயில் கல்யாணம். எங்கள் ஊரில் கோயில் என்றால் மாதா கோயிலும் கோயில்தான். பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். கல்யாணம் முடிந்ததும் பெண் கணவனோடு பிரான்சுக்குப் போவதாக ஏற்பாடு. அவளுக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது, அக்கா அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தாள். புறப்படும் முன் ஆல்பம் வாங்க வந்தவளிடம், எல்லாப் பெண்களிடமும் சொல்வதையே சொன்னேன். "கவலையே படாத. நீ எங்க போனாலும் உன் கல்யாணம் எங்கிட்ட ரெண்டு டிஸ்க்குல பத்திரமா இருக்கும்."

அவள் அப்பாவை எனக்கு மேடையில் நின்ற வகையில் நன்றாக நினைவிருக்கிறது. விறைப்பாக நின்றார், கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டு, உதட்டை ஒட்டி வைத்தமாதிரி மூடிக்கொண்டு. "பப்பா, கொஞ்சம் சிரிங்களேன்," என்று மகள் கெஞ்சினாள். நான் என் வழக்கப்படி, "ஐயா, இது பொண்ணு கல்யாணம், பரேடு இல்ல," என்றேன். மேடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் உதடு இன்னும் இறுகியது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை என்று மகள் பிறகு சொன்னாள். கட்டுப் பல் வைத்துக்கொள்ளப் பிடிவாதமாக மறுத்துவிட்டாராம். அது தெரியாமல் ஒரு மனுஷரைச் சபையில் கேலி பண்ணிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு தை மாதம். புது கேமரா வாங்கியிருந்தேன். அதில் ஒவ்வொரு படமும் பழையதைவிட இரண்டு மடங்கு இடம் பிடித்தது. பெட்டி நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க்காக மாற்ற வேண்டியதுதான், ஆனால் வாரத்துக்கு மூன்று முகூர்த்தம், கடைக்குப் போகச் சோம்பல். பழைய கல்யாணங்களில் கழித்த படங்களை அழித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்தால் ஆயிரத்தைத்தான் கொடுப்போம். மிச்சத்தை யாரும் கேட்பதில்லை. மடியில் ஒரு தட்டு முறுக்கு, வலது கைவிரல் அழிக்கிற பட்டன் மேல். கண் மூடியிருந்தால் தூக்கு. முதுகு தெரிந்தால் தூக்கு. வாய் திறந்திருந்தால் தூக்கு. பந்திப் படங்கள் மொத்தமும் வாய் திறந்த படங்கள்தான். இலைக்குக் குனிந்திருப்பார்கள், இல்லாவிட்டால் கன்னம் உப்பியிருக்கும், இல்லாவிட்டால் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி வேண்டாம் என்பார்கள். பந்திப் படத்தை எந்த மகராசன் பார்க்கப்போகிறான் என்று தட்டிக்கொண்டே போனேன். படத்துக்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. கடைசியில் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பெட்டியில் பாதி இடம் திரும்பக் கிடைத்ததும், வீட்டை ஒழித்துப் பெருக்கிய சந்தோஷம் எனக்கு. அன்று சாயங்காலமே அடுத்த கல்யாணத்தை அதில் ஏற்றினேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். அந்தப் பெண் பிரான்சிலிருந்து போனில் அழைத்தாள். அழுகையில் முதலில் எனக்கு எதுவும் புரியவில்லை. பப்பா தவறிவிட்டார், தான் புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறேன், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உடனே ஒரு படம் வேண்டும் என்றாள். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து முகத்தை வெட்டி, பின்னால் நீல வானம் வைத்துக் கொடுப்போம். பாதி ஊருக்குக் கடைசிப் படம் கல்யாண மேடையில் எடுத்ததாகத்தான் இருக்கும். கொடுத்த படங்களிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த இறுகிய உதட்டோடு அரைமணியில் அனுப்பிவைத்தேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் அவளே மாடி ஏறி வந்தாள். கையில் லேப்டாப். நான் கொடுத்த படங்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க. ஆயிரத்து நூத்தி நாப்பத்திரண்டு. அடுத்தது ஆயிரத்து நூத்தி தொண்ணூறு. நடுவுல நாப்பத்தேழு நம்பர் இல்ல. அது பந்திதான?"

"பந்தியாதான் இருக்கும்," என்றேன்.

"பப்பா அதுல சிரிச்சாருக்கா. பழைய சொல்தா கூட்டாளிங்களோட உக்காந்து சாப்ட்டாரு. யாரோ என்னமோ சொன்னாங்க, வாயத் தொறந்து சிரிச்சாரு. எப்பவும் கைய வெச்சி மறைச்சிக்குவாரு. அன்னிக்கி கை சோத்துல இருந்துச்சி, மறைக்கல. ஒரே ஹாலுதான, நான் மேடைலேர்ந்து பாத்தேன். நீங்க நேரா எதிர நின்னு எடுத்துட்டு இருந்தீங்க."

சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனையும் வாங்கித் தேடிவிட்டாளாம். யாரிடமும் இல்லை. பாஸ்போர்ட்டிலும் அடையாள அட்டையிலும் வாய் மூடித்தான் இருந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டும், அதில் பப்பா சிரிக்க வேண்டும் என்றாள். "அட்டைக்கு ஆவலன்னாலும் பரவால்ல, எனக்கு வேணும். மொகத்த நெனச்சா எனக்கு அந்த பாஸ்போர்ட்டுதான் வருது."

உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும், நான்தான் அழித்தேன் என்று. வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "அத ஏம்மா கேக்குற, மிச்சப் படம் வெச்சிருந்த டிஸ்க்கு செத்துப்போச்சு," என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை. டிஸ்க் செத்தால் யார் கொன்றது என்று யாரும் கேட்பதில்லை, அதனால்தான் அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

அவள் முகம் தொங்கிப்போனது. ஆனால் அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடுங்கக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களுக்கும் எவ்ளோ பேரோட படம் போயிருக்கும்." அப்பாவைப் புதைத்து ஒரு வாரம் ஆன பெண் எனக்கு ஆறுதல் சொன்னாள். நானும் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது, என் மேலேயே.

பிறகு கேட்டாள், "அந்த டிஸ்க்கு வெச்சிருக்கீங்களா? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

அவள் சித்தப்பா பையன் சென்னையில் டிஸ்க்கைத் திறந்து மீட்கிற ஒரு இடத்தில் வேலை செய்கிறானாம். எப்படிச் செத்த டிஸ்க்காக இருந்தாலும் பார்ப்பானாம். தேடிப் பார்க்கிறேன் என்றேன். நாளைக்கு வருகிறேன் என்று போனாள்.

அவள் போனதும் அழித்ததை மீட்கிற மென்பொருளைப் பெட்டியில் ஓட்டினேன். வந்ததெல்லாம் பிற்பாடு எடுத்த கல்யாணங்களின் துண்டு துணுக்குகள். மிச்சம் சாம்பல் நிறப் பட்டைகள். பந்தி வந்த இடத்தில் வேறு யாருடைய மேடையோ உட்கார்ந்திருந்தது. வேலை முடிந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேலி பண்ணவில்லை. "சொல்லிடு. அந்தப் பொண்ணு உன்ன என்ன பண்ணிடப் போவுது? நாள் ஆவ ஆவதான் கஷ்டம்," என்றார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. உங்களுக்கென்ன, நீங்களா போய் நிற்கப்போகிறீர்கள் என்று கத்தினேன்.

மறுநாள் காலை மேசை இழுப்பறையைத் திறந்தேன். கீழே விழுந்து செத்த பழைய டிஸ்க் அதில் கிடந்தது. அடுத்தவர் வீட்டுப் படங்களைக் குப்பையில் போட மனசு வராமல் வைத்திருந்தேன். அதில் அந்தப் பெண்ணின் கல்யாணம் இல்லை. அவள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே அது செத்துவிட்டது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் வருஷம் எழுதியிருந்தேன். நகத்தால் அதைச் சுரண்டினேன். பசை போகாததால் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். இத்தனை வருஷமாய்க் கிடக்கிறது, யாராலும் திறக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். திறக்க முடியவில்லை என்று சென்னையிலிருந்து சொல்லிவிடுவார்கள், விஷயம் முடிந்துவிடும்.

அவள் வந்து அதை வாங்கித் துப்பட்டாவில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். மெர்சிக்கா என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். சென்னை வரைக்கும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாளாம், ஆட்டம் கண்டால் படம் போய்விடுமோ என்று.

முப்பதாம் நாள் பூசைக்கு நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கோயில் வாசலில் எல்லாருக்கும் நினைவு அட்டை கொடுத்தார்கள், நான் வெட்டிக் கொடுத்த அதே மூடிய வாய், அதே நீல வானம். அவள் கூட்டத்தில் என்னைத் தேடி வந்து, "அக்கா, டிஸ்க்க தொறந்துட்டாங்களாம். படமெல்லாம் வருதாம்," என்றாள். அழுதழுது வீங்கிய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சந்தோஷம்மா என்றேன். பூசை முழுக்க, அந்த டிஸ்க் நடுவழியில் முழுதாகச் செத்துத் தொலையட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். இறந்தவருக்காக ஒரு வார்த்தை வேண்டவில்லை.

அவள் பிரான்சுக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது வந்தாள். லேப்டாப்பை மேசையில் வைத்தாள், திறக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒம்பதாயிரத்துச் சொச்சம் படம்க்கா. பேரு, தேதி எதுவும் இல்லாம வெறும் நம்பரா வந்துச்சி. அம்மாவும் நானும் ஒவ்வொண்ணா பாத்தோம். நாலு நாளு."

லேப்டாப் மூடியைத் தடவிக்கொண்டே தொடர்ந்தாள்.

"யாரு யாரோ கல்யாணம். எல்லா பந்தி படத்தையும் பெருசு பண்ணி பண்ணிப் பாத்தேன், பின்னாடி எங்கனா பப்பா உக்காந்திருக்காரான்னு. ஒரு எடத்துல ஒரு வயசானவரு, அப்படியே பப்பா மாதிரி தோள்பட்ட. அம்மா நிறுத்து நிறுத்துன்னாங்க. அவரு இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க டிஸ்க்க மாத்திக் குடுத்துட்டீங்க போலக்கா. அவசரத்துல எடுத்திருப்பீங்க. வேற ஒண்ணு இருக்கா பாருங்களேன். ரெண்டு டிஸ்க்குன்னு சொன்னீங்கல்ல?"

தப்பிக்க ஒரு வழியை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆமாம்மா மாறிப்போச்சு, தேடி அனுப்புறேன் என்று சொல்லியிருந்தால் அவள் விமானம் ஏறியிருப்பாள். ஆனால் வயதான ஓர் அம்மா, கணவனைப் புதைத்த மாதத்தில், முன்பின் தெரியாத குடும்பங்களின் பந்தியில் அவரைத் தேடி நாலு நாள் உட்கார்ந்திருந்தது என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. அந்தக் குடும்பங்களின் படங்களையும் கேட்காமல் யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருக்கிறேன். இனி இவளிடம் ஒரு பொய்கூடக் கூடாது என்று அப்போது முடிவெடுத்தேன்.

சொன்னேன். டிஸ்க் சாகவில்லை என்றேன். இடம் இல்லை என்று நானே அழித்தேன், இரண்டிலும் ஒன்றாகப் போய்விட்டது, உன்னிடம் கொடுத்தது வேறு டிஸ்க், தெரிந்தேதான் கொடுத்தேன் என்றேன். சீட்டைச் சுரண்டினதையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் மேசையில் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தமா அழிச்சீங்களா? பாத்துப் பாத்து அழிச்சீங்களா?"

"பாத்துதாம்மா. ஒவ்வொண்ணா பாத்துதான் அழிச்சேன்."

"அப்ப பப்பா படத்தையும் பாத்திருப்பீங்க."

"பாத்திருப்பேன்."

"எப்படி சிரிச்சாரு?"

யோசித்தேன். உண்மையாகவே கண்ணை மூடி யோசித்தேன். வாழை இலைகள் வந்தன, கைகள் வந்தன, திறந்த வாய்கள் வரிசையாக வந்தன. அவற்றில் எது அவருடையது என்று தெரியவில்லை. ஒரு நொடிகூட அவர் முகத்தில் நான் நின்றிருக்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கடைசியாகப் பார்த்த கண் என்னுடையது, அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஞாபகம் இல்லம்மா," என்றேன்.

அவள் லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். பழைய டிஸ்க்கை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். வாசலில் செருப்பை மாட்டினாள். கதவைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இதுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமேக்கா."